கூடும் பதிலும் தேறும் பதிலும்

அஞ்சல் நிலையத்தில் முன்பு ரிப்ளை கார்டு என்று ஒன்று விற்றார்கள். இரண்டு அஞ்சலட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி மடிந்திருக்கும். ஒன்றில் நாம் சொல்லவேண்டியதை எழுதுவோம். மற்றதில் நம் முகவரியை நாமே எழுதி, பின்பக்கத்தை வெறுமையாக விட்டு அனுப்புவோம். பெறுகிறவர் தம் பாதியைக் கிழித்து இரண்டு வரி எழுதித் தபால்பெட்டியில் போட்டால் போதும். அட்டை வாங்க நடக்கவேண்டாம், முகவரி தேடவேண்டாம், காசும் செலவில்லை. பதில் கட்டாயம் வந்தாகவேண்டும் என்று நினைத்தவர்கள் அந்த அட்டையைத்தான் வாங்கினார்கள்.

அதன் வாரிசு இன்று நம் கைப்பேசிக்கு வருகிறது. ஊருக்குப் போய்த் திரும்பிய மறுநாள் காலை ஒரு மின்னஞ்சல்: ‘பயணம் எப்படி இருந்தது?’ கீழே ஐந்து நட்சத்திரங்கள். நாலாவதைத் தொட்டால் நம் பதில் அவர்கள் கணினியில் ஏறிவிடும். ‘எங்கள் கருத்தாய்வில் பங்கேற்க இங்கே சொடுக்கவும்’ என்ற பழைய அழைப்பு இல்லை. முதல் கேள்வி அஞ்சலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இப்படிக் கேட்டால் பதில் கூடும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. ஆனால் பதில் கூடுவது வேறு, நம்பி முடிவெடுக்கத்தக்க பதில் தேறுவது வேறு. கூடினால் தானாகத் தேறிவிடும் என்று நினைத்து இந்த முறையைக் கையாள்பவர்கள் பலர். பள்ளி, மருத்துவமனை, நூலகம், தொண்டு நிறுவனம், வணிக நிறுவனம் என எல்லோரும் இன்று மின்னஞ்சலில் கருத்துக் கேட்கிறார்கள். அந்தப் பதில்களை வைத்து மனிதர்களுடைய வேலையும் சேவையும் தீர்மானிக்கப்படுகின்றன. அதனால் இந்தச் சின்னப் பொத்தானைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

வற்றி வரும் ஊற்று

கேட்டால் பதில் சொல்லும் வழக்கம் உலகெங்கும் தேய்ந்து வருகிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் தன் தொலைபேசிக் கருத்துக்கணிப்புகளின் கணக்கை வெளிப்படையாகச் சொல்லி வந்திருக்கிறது. 1997-இல் 36 சதவீதமாக இருந்த பதில் விகிதம் 2012-இல் 9 ஆகவும், 2018-இல் 6 ஆகவும் இறங்கியது. நூறு பேரை அழைத்தால் தொண்ணூற்று நாலு பேர் பேசவில்லை.

இணையம் இந்தக் குறையைத் தீர்க்கும் என்று எதிர்பார்த்தார்கள். செலவு குறைந்தது, பதில் கூடவில்லை. இணையக் கேள்வித்தாளையும் மற்ற முறைகளையும் ஒப்பிட்ட 45 சோதனைகளைத் தொகுத்து 2008-இல் வெளியான ஆய்வு, இணையத்தில் பதில் விகிதம் சராசரியாக 11 சதவீதப் புள்ளி குறைவு என்றது. 2020-இல் 114 ஒப்பீடுகளைத் தொகுத்தபோது அந்த இடைவெளி 12 புள்ளி. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டில் இணையம் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. இடைவெளி மட்டும் மூடவில்லை.

காரணத்தை வெளியே தேடவேண்டாம். வழக்கமான மின்னஞ்சல் அழைப்பு ஒன்றைப் பெறுகிறவர் என்னென்ன செய்யவேண்டியிருக்கிறது என்று வரிசைப்படுத்தினாலே தெரிந்துவிடும். தலைப்பைப் பார்த்து அஞ்சலைத் திறக்கவேண்டும். ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே’ என்று தொடங்கும் இரண்டு பத்தியைக் கடக்கவேண்டும். இணைப்பைத் தேடித் தொடவேண்டும். உலாவி திறக்கும்வரை காத்திருக்கவேண்டும். வரவேற்புப் பக்கத்தைப் படிக்கவேண்டும். ‘தொடங்கு’ என்பதை அழுத்தவேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் முதல் கேள்வி கண்ணில் படும். எவ்வளவு நேரம் பிடிக்கும், என்ன கேட்பார்கள் என்பது அதுவரை தெரியாது. ஒவ்வொரு படியிலும் சிலர் இறங்கிப் போய்விடுகிறார்கள்.

மின்னஞ்சலுக்குள் வைத்த கேள்வி இந்தப் படிகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிடுகிறது. அஞ்சலைத் திறந்தவுடன் கேள்வி, கேள்விக்குக் கீழே விடை. ரிப்ளை கார்டு செய்த வேலையும் இதுதான்.

சோப்பு பற்றிய கேள்வி

படிகள் குறைவது ஒரு காரணம். இன்னொன்று மனம் சார்ந்தது. அதை விளக்க உளவியலில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒரு சோதனை, தற்செயலாக ஒரு சர்வேயைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது.

ஜொனதன் ஃப்ரீட்மன், ஸ்காட் ஃப்ரேசர் இருவரும் 1966-இல் வெளியிட்ட ஆய்வு அது. இடம் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ. இல்லத்தரசிகளைத் தொலைபேசியில் அழைத்து, நுகர்வோர் குழு ஒன்றிலிருந்து பேசுவதாகச் சொல்லி, வீட்டில் என்ன சோப்பு பயன்படுத்துகிறீர்கள் என்பது போன்ற சில எளிய கேள்விகளைக் கேட்டார்கள். மூன்று நாள் கழித்து மறுபடி அழைத்து ஒரு பெரிய உதவி கேட்டார்கள்: எங்கள் ஆட்கள் ஐந்தாறு பேர் உங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு மணிநேரம் அலமாரிகளைத் திறந்து, இருக்கும் பொருள்களையெல்லாம் பட்டியலிட அனுமதிப்பீர்களா?

முன்பின் பேசாமல் நேரடியாக இதைக் கேட்டபோது 22 சதவீதம் பேர்தான் இசைந்தார்கள். சோப்பு பற்றிய கேள்விகளுக்கு ஏற்கெனவே பதில் சொன்னவர்களில் 53 சதவீதம் பேர் இசைந்தார்கள். சிறியதற்கு இசைந்தவர் பெரியதற்கும் இசைவார் என்று பாடப்புத்தகங்கள் இதைச் சுருக்கிவிடும். ஆனால் அதே சோதனையில் மூன்றாவதாக ஒரு குழுவும் இருந்தது. அவர்களிடம் ‘சில கேள்விகளுக்குப் பதில் சொல்வீர்களா?’ என்று மட்டும் கேட்டார்கள். சரி என்றவர்களிடம் கேள்விகளைக் கேட்கவே இல்லை. இந்தக் குழுவில் பெரிய உதவிக்கு இசைந்தவர்கள் 33 சதவீதம்தான்.

ஒவ்வொரு குழுவிலும் இருந்தவர்கள் வெறும் 36 பேர் என்பதால் இந்த எண்களை அளவுக்கு மீறி நம்பக்கூடாது. இருந்தாலும் நம் பொருளுக்கு இந்த மூன்றாவது குழு முக்கியமானது. பதில் சொல்கிறேன் என்று ஒப்புக்கொள்வது ஒன்று, ஒரு கேள்விக்காவது பதிலைச் சொல்லிவிடுவது இன்னொன்று. ‘கருத்தாய்வில் பங்கேற்க இங்கே சொடுக்கவும்’ என்ற இணைப்பைத் தொடுகிறவர் ஒப்புக்கொண்டவர். அஞ்சலிலேயே நாலாவது நட்சத்திரத்தைத் தொட்டவர் பதில் சொல்லத் தொடங்கிவிட்டவர். அடுத்த பக்கம் திறக்கும்போது இருவரும் ஒரே மனநிலையில் இருக்க வாய்ப்பில்லை.

இதை நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் ‘சர்வே பிராக்டிஸ்’ ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, வெறும் இணைப்பு கொண்ட அழைப்பையும் முதல் கேள்வியை உள்ளேயே வைத்த அழைப்பையும் ஒப்பிட்டு, பின்னதற்குப் பதில் கூடுதல் என்று காட்டியது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டான் டில்மன் 1978-இல் அஞ்சல்வழிக் கருத்தாய்வு பற்றி எழுதிய நூலில் வகுத்த கொள்கையோடும் இது ஒத்துப்போகிறது. பதில் சொல்பவருக்கு ஆகும் பாட்டைக் குறை, அவருக்குக் கிடைக்கும் பயனைக் கூட்டு, உன்னை நம்பலாம் என்று காட்டு என்பவையே அவர் சொன்ன மூன்றும். பொத்தான் முதலாவதைச் செய்துவிடுகிறது. மற்ற இரண்டையும் அது செய்யாது.

அஞ்சலுக்குள் நடப்பது என்ன

பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், அஞ்சலுக்குள் கேள்வி வைக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, உண்மையான படிவத்தையே அஞ்சலில் பதிப்பது: தட்டச்சு செய்யும் கட்டம், ‘சமர்ப்பி’ பொத்தான் எல்லாமும் உள்ளேயே. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல அஞ்சல் மென்பொருள்கள் பாதுகாப்புக்காகப் படிவங்களை முடக்கிவிடுகின்றன. அவுட்லுக் 2007-இலிருந்து அஞ்சலைக் காட்ட வேர்டு மென்பொருளின் இயந்திரத்தையே பயன்படுத்தத் தொடங்கியது. அதில் படிவம் வேலை செய்யாது. அழுத்தினால் ஒன்றும் நடக்காத பொத்தானைவிடப் பொத்தானே இல்லாமலிருப்பது நல்லது.

இரண்டாவது, கூகுள் 2018-இல் அறிவித்து 2019-இல் ஜிமெயிலில் கொண்டுவந்த ஏஎம்பி அஞ்சல். இதில் அஞ்சலை விட்டு வெளியே போகாமலே முழுக் கேள்வித்தாளையும் நிரப்பலாம். ஆனால் அனுப்புகிறவர் முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் பெறவேண்டும். ஆப்பிளின் அஞ்சல் செயலி இதை ஏற்பதில்லை. ஆகவே ஏற்காத அஞ்சல்பெட்டிகளுக்காகச் சாதாரண வடிவம் ஒன்றையும் உடன் அனுப்பியாகவேண்டும். ஒரே கேள்வித்தாளைப் பாதிப் பேர் ஒரு விதமாகவும் மீதிப் பேர் இன்னொரு விதமாகவும் பார்க்கும் நிலை வரும்.

மூன்றாவதே எங்கும் செல்லுபடியாவது. அஞ்சலில் தெரியும் ஐந்து நட்சத்திரமும் உண்மையில் ஐந்து தனித்தனி இணைப்புகள். ஒவ்வொரு இணைப்பின் முகவரி வாலிலும் இரண்டு செய்திகள் ஒட்டியிருக்கும்: இந்த அஞ்சல் யாருக்குப் போனது என்ற அடையாள எண், இந்த நட்சத்திரம் எத்தனையாவது என்ற விடை எண். நாலாவதைத் தொட்டால் உலாவி அந்த முகவரிக்குப் போகிறது. வழங்கி வாலைப் படித்து, ‘இன்னார், விடை 4’ என்று குறித்துக்கொண்டு, மீதிக் கேள்விகள் உள்ள பக்கத்தைத் திறந்து காட்டுகிறது. அஞ்சலுக்குள் படிவம் இல்லை, நிரல் இல்லை, வெறும் இணைப்புதான். இருபது ஆண்டுப் பழைய மென்பொருளிலும் இது ஓடும். இந்த எளிமைதான் இதன் பலம். இதன் பெரிய ஆபத்தும் இங்கிருந்தே பிறக்கிறது.

ஆளில்லாமல் விழும் பதில்

அலுவலக மின்னஞ்சல்களுக்கு முன்னால் இன்று பாதுகாப்பு மென்பொருள் ஒன்று காவலுக்கு நிற்கிறது. வரும் அஞ்சலில் தீங்கான இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க, அது தானே அந்த இணைப்புகளைத் திறந்து பார்க்கிறது. பெறுநர் அஞ்சலைப் பார்ப்பதற்கு முன்பே இது நடந்துவிடலாம். சாதாரண அழைப்பில் இதனால் கெடுதல் இல்லை. யாரோ ஒருமுறை கதவைத் தட்டிப் போனதுபோல. ஆனால் விடையே இணைப்பாக இருக்கும் அஞ்சலில், இயந்திரம் ஒவ்வொரு முறை தொடுவதும் ஒரு விடையாகப் பதிவாகும். பதிவேட்டைத் திறந்து பார்த்தால் ஒரே அடையாள எண்ணுக்கு நேராக 1, 2, 3, 4, 5 என்று எல்லா விடையும் ஓரிரு வினாடிக்குள் விழுந்திருக்கும். கடைசியாக வந்ததையே விடையாக எடுத்துக்கொள்ளும் நிரல் என்றால், அந்த மனிதர் ஐந்து நட்சத்திரம் கொடுத்ததாகக் கணக்கு எழுதிவிடும். வரிசை மறுபுறமாக இருந்தால் ஒரு நட்சத்திரம். அவரோ அஞ்சலைத் திறக்கவே இல்லை.

பதில் விகிதம் சட்டென்று எகிறிவிட்டது என்று மகிழ்கிற நிறுவனம் முதலில் இதைச் சரிபார்க்கவேண்டும். அதிலும் பதிலளிப்பவர்கள் பெரும்பாலும் அலுவலக முகவரி வைத்திருப்பவர்கள் என்றால் இது கட்டாயம்.

இணையத்தை வடிவமைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. வலையின் அடிப்படை விதிகளில் ‘கெட்’, ‘போஸ்ட்’ என்று இரண்டு வகைக் கோரிக்கைகள் உண்டு. கெட் என்பது கடையில் விலை கேட்பது, போஸ்ட் என்பது காசைக் கொடுத்துப் பொருளை வாங்குவது. விலை கேட்டதற்காகவே பொருளை நம் தலையில் கட்டக்கூடாது; அதாவது கெட் கோரிக்கை எதையும் மாற்றக்கூடாது. இணைப்பைத் தொடுவது எப்போதும் கெட்தான். அஞ்சல் பட்டியலிலிருந்து விலகும் இணைப்பிலும் இதே குழப்பம் வந்தது. காவல் மென்பொருள் தொட்டுப் பார்த்தாலே, மனிதர் கேட்காமலே பட்டியலிலிருந்து நீங்கிவிடும் அபாயம். அதைத் தீர்க்கவே 2017 ஜனவரியில் ஆர்எஃப்சி 8058 என்ற தர ஆவணம் வந்தது. விலகல் கோரிக்கை போஸ்ட் வழியாகவே வரவேண்டும் என்று அது வகுத்தது. நாளுக்கு 5,000-க்கும் மேல் அஞ்சல் அனுப்புகிறவர்களுக்கு ஜிமெயில் 2024-இல் கொண்டுவந்த விதிகளில் இந்த ஒற்றைச் சொடுக்கு விலகலும் ஒன்று.

அதே தெளிவைக் கருத்துக் கேட்பதிலும் கடைப்பிடிக்கலாம். நட்சத்திரத்தைத் தொட்டவுடன் விடையை முடிவாக எழுதிவிடாமல், திறக்கும் பக்கத்தில் அந்த நட்சத்திரம் ஏற்கெனவே நிரம்பியிருக்கக் காட்டி, ‘அடுத்து’ என்று மனிதர் அழுத்தும்போது மட்டும் பதிவு செய்யலாம். இதில் ஓர் இழப்பு உண்டு: தொட்டுவிட்டு உடனே மூடிப் போனவர்களின் விடை கணக்கில் சேராது. அதைத் தவிர்க்க நினைப்பவர்கள் தொட்டதைத் ‘தற்காலிகம்’ என்று குறித்துவைத்து, ஒரே நொடியில் பல விடை விழுந்தவற்றையும், இயந்திரத்தைப் பிடிக்கவென்றே மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் வைத்த இணைப்பைத் தொட்டவற்றையும் கழித்துவிட்டு மீதியை எடுக்கலாம். எந்த வழியானாலும் எதைக் கழித்தோம் என்பதை அறிக்கையில் எழுதிவைப்பதே நேர்மை.

எந்தக் கேள்வியை உள்ளே வைப்பது

இந்த இணைப்பு முறையில் அஞ்சலுக்குள் ஒரு கேள்விக்குத்தான் இடம். எந்தக் கேள்வி என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. எளிதாக இருக்கவேண்டும், எல்லோருக்கும் பொருந்தவேண்டும், யோசிக்காமல் பதில் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும், அந்தரங்கத்தைத் தொடக்கூடாது. வருமானம், சாதி, நோய் பற்றிய கேள்வியை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அஞ்சல் குப்பைக்குப் போகும்.

பலரும் வைப்பது ‘பரிந்துரைக் கேள்வி’யை. ஃப்ரெட் ரைக்கெல்ட் 2003 டிசம்பரில் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’வில் முன்வைத்த முறை இது. எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டு 0 முதல் 10 வரை மதிப்பெண் வாங்குவார்கள். 9, 10 கொடுத்தவர்கள் ஆதரவாளர்கள். 7, 8 கொடுத்தவர்கள் நடுநிலையாளர்கள். 6-உம் அதற்குக் கீழும் கொடுத்தவர்கள் அதிருப்தியாளர்கள். ஒரே கேள்வி, பதினோரு பொத்தான். மின்னஞ்சலுக்கென்றே அளந்து தைத்ததுபோல இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதை அப்படியே வைக்கும்போது இரண்டு இடத்தில் இடறுகிறது. முதல் இடறல் மொழியில். ‘எங்கள் சேவையை நீங்கள் பரிந்துரைப்பதற்கான சாத்தியக்கூறு எவ்வளவு?’ என்று வருகிற வாக்கியத்தை வீட்டில் யாரும் பேசுவதில்லை. ‘தெரிந்தவர்கள் கேட்டால் எங்களைச் சொல்வீர்களா?’ என்றால் உடனே புரியும். இரண்டாவது இடறல் மதிப்பெண்ணில். நம் ஊரில் நூற்றுக்கு அறுபது வாங்கினால் முதல் வகுப்பு. பத்துக்கு ஏழு போட்டவர் நன்றாக இருந்தது என்று சொல்லத்தான் போட்டிருப்பார். அந்த ஏழு நடுநிலை என்று எழுதப்படும். ஆறோ அதிருப்தி என்று எழுதப்படும். பள்ளிக்கூடத்தில் கற்ற மதிப்பெண் கணக்கை எந்த நிறுவனமும் ஒரே அஞ்சலில் அழித்துவிட முடியாது. எண்ணுக்குப் பதில் சொற்களை வைப்பது இங்கே பாதுகாப்பானது. மின்னணுக் கேள்வித்தாள்களுக்குப் பதில் கூட்டும் வழிகளை ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பாய்வும், விடைகளைச் சொற்களால் காட்டுவது உதவுகிறது என்றே கண்டது. அஞ்சலின் தலைப்பில் ‘சர்வே’ என்ற சொல் இருந்தால் பதில் குறைகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு.

சொற்களை வைத்தால் இடப் பிரச்சினை எழும். ‘மிகவும் திருப்தி’, ‘ஓரளவு திருப்தி’, ‘இரண்டும் இல்லை’, ‘ஓரளவு அதிருப்தி’, ‘மிகவும் அதிருப்தி’ என்ற ஐந்தையும் கைப்பேசித் திரையில் பக்கவாட்டில் அடுக்க முடியாது. எழுத்து நசுங்கும், கடைசி இரண்டும் திரைக்கு வெளியே போய்விடும். கண்ணுக்குத் தெரியாத விடையை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக, விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு அடுக்கவேண்டும். பொத்தானைப் படமாக வைக்காமல் எழுத்தாக வைக்கவேண்டும். படங்களைத் தானாகக் காட்டாத அஞ்சல்பெட்டிகளில், படமாக வைத்த பொத்தான் வெற்றுக் கட்டமாகத்தான் தெரியும்.

இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மழை இரவில் சொந்த ஊரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் வந்தேன். வழியெல்லாம் தண்ணீர். ஓட்டுநர் அவசரப்படாமல், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, விடியும்போது எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். மறுநாள் அஞ்சல் வந்தது: ‘ஓட்டுநரை மதிப்பிடுங்கள்’. ஐந்து நட்சத்திரம் தரவேண்டும் என்று நினைத்துக்கொண்டே திரையை மேலே தள்ளினேன். விரல் இரண்டாவது நட்சத்திரத்தில் பட்டுவிட்டது. ‘நன்றி, உங்கள் மதிப்பீடு பதிவாகிவிட்டது’ என்றது பக்கம். திருத்த வழியில்லை. அஞ்சலுக்குத் திரும்பிப் போய் ஐந்தாவதைத் தொட்டால், ‘நீங்கள் ஏற்கெனவே பதிலளித்துவிட்டீர்கள்’. அந்த இரண்டு நட்சத்திரம் அவருடைய கணக்கில் என்ன செய்ததோ, இன்றும் உறுத்துகிறது. திருத்தும் வாய்ப்பைக் கொடுக்க ஒரு பொத்தான் போதும். பதில் சொல்பவருக்குக் காட்டும் மரியாதையும், யாரைப் பற்றிப் பதில் சொல்லப்படுகிறதோ அவருக்குச் செய்யும் நியாயமும் அந்த ஒரு பொத்தானில் அடங்கியிருக்கின்றன.

யார் வந்தார்கள், யார் வரவில்லை

பதில்களின் எண்ணிக்கையை நம்பி வீழ்ந்த கதைகளில் பெரியது 1936-ஆம் ஆண்டுக் கதை. அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ வார இதழ் அதிபர் தேர்தலுக்கு முன் ஏறத்தாழ 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ஆல்ஃப் லாண்டன் எளிதாக வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 சதவீத வாக்குகளோடு வென்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். இரண்டு ஆண்டுக்குள் இதழே நின்றுபோனது.

தொலைபேசியும் காரும் வைத்திருந்த வசதியானவர்களின் பட்டியலுக்கே அனுப்பியதால் வந்த வினை என்று இதைச் சொல்வது வழக்கம். 1988-இல் பெவரில் ஸ்குவையர் என்ற அரசியல் அறிஞர், 1937-இல் காலப் நிறுவனம் எடுத்த ஒரு கணிப்பின் தரவைத் தோண்டிப் பார்த்தார். பட்டியலில் கோளாறு இருந்தது உண்மைதான். ஆனால் சீட்டுப் பெற்றவர்கள் அனைவரும் பதில் அனுப்பியிருந்தால், ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று இதழின் கணிப்பும் சொல்லியிருக்கும் என்று அவர் கண்டார். ஆக, திருப்பி அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். 23 லட்சம் என்ற எண் அந்த வேறுபாட்டை மறைத்துவிட்டது.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்குப் பின்னாளில் தலைமை ஏற்ற ராபர்ட் குரோவ்ஸ், 2008-இல் எமிலியா பெய்ட்சேவாவுடன் சேர்ந்து 59 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பதில் விகிதம் எவ்வளவு என்பதை வைத்து, முடிவு எவ்வளவு பிசகியிருக்கிறது என்று ஊகிக்க முடியாது என்பதே அவர்கள் கண்டதன் சாரம். தாங்கள் அக்கறை கொண்ட பொருள் என்றால் மக்கள் கூடுதலாகப் பதிலளிக்கிறார்கள் என்பதையும் குரோவ்ஸ் முன்பே காட்டியிருந்தார்.

மின்னஞ்சல் பொத்தானுக்கு இது நேராகப் பொருந்தும். வெறும் இணைப்பு கொண்ட அழைப்பில் என்ன கேட்கப்போகிறார்கள் என்பது மூடியிருக்கும். கேள்வியை உள்ளேயே வைத்தால் பொருள் பளிச்சென்று தெரிந்துவிடும். மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் கொதித்தவரும் உடனே தொடுவார்கள். ‘பரவாயில்லை’ என்றிருப்பவர் கடந்து போவார். பதில் கூடும், அதோடு இரண்டு ஓரங்களும் பெருத்து நடு மெலியவும் கூடும்.

அதனால்தான் இந்த முறையைக் கையாள்பவர்கள் தங்கள் பட்டியலிலேயே சோதித்துப் பார்க்கவேண்டும். ஒரு பேச்சுக்கு, 2,000 உறுப்பினர் உள்ள நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சீட்டுக் குலுக்கியதுபோல இரண்டு ஆயிரமாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெறும் இணைப்பும் மறுபாதிக்கு உள்ளே வைத்த கேள்வியும் அனுப்புகிறார்கள். முதல் பாதியில் 120 பேர் முழுவதையும் நிரப்பினார்கள். இரண்டாம் பாதியில் 260 பேர் முதல் கேள்வியைத் தொட்டார்கள், 150 பேர் கடைசிவரை வந்தார்கள். ‘இரண்டு மடங்குக்கும் மேல் பதில்’ என்று அறிக்கை எழுதத் தோன்றும். ஆனால் முதல் கேள்விக்குத்தான் 260. மீதிக் கேள்விகளுக்கு 150. உண்மையான ஆதாயம் 120-லிருந்து 150. அதுவும் சிறியதல்ல, கால் பங்கு கூடியிருக்கிறது. அடுத்துப் பார்க்கவேண்டியது, அந்தக் கூடுதல் 30 பேர் யார் என்பது. இதுவரை பதில் சொல்லாத முதியவர்களா, பெண்களா, புறநகர்க் கிளையில் படிப்பவர்களா? அல்லது எப்போதும் பதில் சொல்லும் அதே வகையினர்தானா? முன்னவர்கள் என்றால் முறை வென்றது. பின்னவர்கள் என்றால் சத்தம் கூடியிருக்கிறது, செய்தி கூடவில்லை.

இந்தக் கணக்கில் ‘எத்தனை பேர் அஞ்சலைத் திறந்தார்கள்’ என்ற எண்ணை நம்பவேண்டாம். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த அஞ்சல் தனியுரிமைப் பாதுகாப்பு, படங்களை முன்கூட்டியே தானே இறக்கிவிடுவதால், திறக்காத அஞ்சலும் திறந்ததாகத் தெரியும். எத்தனை பேருக்கு அனுப்பினோம், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற இரண்டே உறுதியான எண்கள்.

தொடலாமா, கூடாதா

டில்மன் சொன்ன மூன்றாவது பாக்கி நிற்கிறது: நம்பிக்கை. அறியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்று வங்கிகளும் காவல்துறையும் நாள்தோறும் எச்சரிக்கின்றன. அதே வாரத்தில் அஞ்சலில் ஐந்து பொத்தான் வந்து தொடச் சொல்கிறது. தொடத் தயங்குகிறவர் அறியாதவர் அல்லர், எச்சரிக்கையானவர். அவருக்காக அஞ்சல் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வரவேண்டும், இணைப்பும் அதே பெயரில் திறக்கவேண்டும், கேட்பவர் யார், எதற்கு என்பது பொத்தானுக்கு மேலே ஒரு வரியில் இருக்கவேண்டும்.

இன்னொன்று, இணைப்பின் வாலில் பெறுநரின் அடையாள எண் இருக்கிறது. ஆகவே ‘உங்கள் பதில் முற்றிலும் பெயரறியாதது’ என்று எழுதும் அழைப்பு பொய் சொல்கிறது. ஊழியர்களிடம் மேலதிகாரியைப் பற்றிக் கேட்கும் அஞ்சலில் இது சின்னப் பொய்யல்ல. அந்த அஞ்சலை ஒருவர் நண்பருக்கு அனுப்பினால், நண்பர் தொடுவதும் அனுப்பியவர் பெயரிலேயே பதிவாகும். ஆய்வறத்தின்படி பார்த்தால், என்ன ஆய்வு என்று சொல்லி ஒப்புதல் வாங்கிய பிறகே முதல் கேள்வி வரவேண்டும். உள்ளே வைத்த கேள்வி அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் தெரிந்தே தரப்பட்டதாகவும் தெளிவான செயலால் காட்டப்பட்டதாகவும் இருக்கவேண்டும் என்கிறது. அதற்கான அறிவிப்பை எட்டாம் அட்டவணை மொழிகளிலும் படிக்கும் வாய்ப்பைத் தரவேண்டும் என்கிறது. தமிழும் அவற்றில் ஒன்று. பொத்தானைத் தமிழில் வைத்துவிட்டு நிபந்தனைகளை ஆங்கிலத்தில் மட்டும் வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

ரிப்ளை கார்டில் பதிலுக்கான செலவைக் கேட்பவர் முன்கூட்டியே கட்டிவிடுவார். பதிலை அவரே படிக்கவும் செய்வார். மின்னஞ்சல் பொத்தான் முதல் பாதியை நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. தொட்ட கை மனிதருடையதுதானா என்று பார்ப்பது, தவறித் தொட்டதைத் திருத்த விடுவது, தொடாதவர் யார் என்று தேடுவது, கேட்டதை வைத்து என்ன செய்தோம் என்று அடுத்த அஞ்சலில் சொல்வது ஆகிய நாலும் சேர்ந்ததுதான் இரண்டாவது பாதி. பதில் சொன்னதால் ஏதோ மாறியது என்று ஒருமுறை கண்டவர், அடுத்த அஞ்சல் வரும்போது பொத்தான் எங்கே இருந்தாலும் தேடித் தொடுவார்.